அடைகாக்கும் கண்ணாடி

கண்ணாடி கழுவுவது ரோஸி மேரியின் வேலை. அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், பக்கத்துத் தொட்டியில் குழாய்த் தண்ணீர், கடைசித் தொட்டியில் கேனில் வாங்குகிற உப்பில்லாத தண்ணீர். மூன்றிலும் முக்கியெடுத்து, உள்ளங்கை அகலமுள்ள ஒவ்வொரு தகட்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பாள். லேசாக ஒரு நீர்த்தடம் தெரிந்தாலும் மறுபடி முதல் தொட்டி. வேலை முடிந்ததும் குழாயை இறுக்கி மூடி, அதன் மூக்கில் விரலை வைத்துச் சொட்டு நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் நகருவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிபா ஓவனைத் திறந்து, சனிக்கிழமை வைத்த தகடுகளை எடுத்து மீட்டரின் நான்கு ஊசிகளுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தகட்டுக்கு வந்த எண்ணை அவள் நம்பவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். அதே எண். அடுத்த தகடு. அதற்கடுத்தது. மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டுகிற எண் அது. பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது எல்லாத் தகட்டிலும் நூறைத் தாண்டிப் போயிருந்தது.

கோட்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிற டேனியல் பின்னால் வந்து நின்றான். ஒரு தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"சூப்பரா வந்துருக்குது மேடம். தண்ணி மாதிரி கீது."

"அதான்டா பயமா இருக்குது," என்றாள் ஆசிபா.

நல்ல தகடு இத்தனை தெளிவாக இருக்காது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் இளநீரில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி மங்கலாக ஒரு மஞ்சள் தெரியும். இவற்றில் அது இல்லை. குறையே இல்லாமல் பளிச்சென்று, எதற்கும் உதவாமல் கிடந்தன.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் நிற்கிற தகர ஷெட் அது. முன்பு கோழித்தீவனக் குடோனாக இருந்தது. மழை பெய்தால் இப்போதும் தவிட்டு வாசம் வரும். முதலாளி அரங்கநாதன் அதை வாங்கி, தரைக்கு ஓடு பதித்து, ஏசி வைத்து, ஒரு கோட்டிங் மெஷினையும் ஓவனையும் இறக்கினார். அங்கே செய்கிற தகடுகள் ஆஸ்பத்திரி லேப்களுக்குப் போகின்றன. குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடங்களில், கருவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் நேரத்திலும் அது உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். கீழேயிருந்து வெளிச்சமும் வர வேண்டும். அதனால் மேடையே கண்ணாடியாக இருக்கும், அந்தக் கண்ணாடியே சூடாகவும் இருக்கும். ரோஸி மேரி அதற்கு வைத்த பெயர் அடைகாக்குற கண்ணாடி. முதலாளியே இப்போது போனில் சில சமயம் அப்படித்தான் சொல்கிறார்.

சூட்டைத் தருவது கண்ணாடியின் மேல் படிந்திருக்கிற ஒரு படலம். இண்டியமும் கொஞ்சம் வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அதன் வழியே மின்சாரம் ஓடித் தகடு சூடாகிறது. ஆசிபா எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வரை வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். வந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் ரோஸி மேரி அவளிடம் கேட்டாள், "கண்ணாடில கரண்டு எப்புடிம்மா ஓடும்? ஷாக் அடிக்காதுன்னுதான கண்ணாடி வெக்கிறாங்க?"

ஆசிபா டிபன் டப்பா மூடியில் பட்டாணிகளை வரிசையாக அடுக்கிக் காட்டினாள். படிகம் என்றால் இப்படித்தான், ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் இடம். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் மின்சாரம் ஓட வழியே இல்லை. அங்கங்கே ஓர் ஆக்சிஜன் காணாமல் போயிருக்க வேண்டும்.

"ஆக்சிஜன் எழுந்து போய்ட்டா, அது புடிச்சுக்கினு இருந்த ரெண்டு எலக்ட்ரான் அங்கேயே நின்னுடும் அக்கா. புடிக்க ஆளில்ல. அதுங்கதான் ஓடுது."

ரோஸி மேரி யோசித்தாள். "எங்க கோயில்ல நடக்கறதுதான். அப்பன்காரன் ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ளைங்கள புடிச்சுக்கினு ஒக்காந்துருப்பான். பிரசங்கம் ஆரம்பிச்சதும் பீடி குடிக்க வெளிய பூடுவான். புள்ளைங்க ரெண்டும் பீடம் வரிக்கும் ஓடும்."

"அதேதான்."

"அப்பனுங்க எல்லாருமே வெளிய பூட்டா?"

"காலி எடத்துல தடுக்கித் தடுக்கி வுழும். ஓட முடியாது. கண்ணாடியும் கறுத்துப்பூடும்."

"அப்ப கொஞ்சம் பேருதான் பீடி குடிக்கணும்."

அன்றிலிருந்து அந்த ஷெட்டில் ஆக்சிஜன் இல்லாத இடத்துக்குப் பெயர் பீடி. "மேடம், இன்னிக்கு பீடி பத்தல," என்பான் டேனியல். வெளியாட்கள் வந்தால் மட்டும் ஆசிபா அவனை முறைப்பாள்.

அந்தக் காலியிடங்களைக் காப்பாற்றுவதுதான் அங்கே பெரிய பாடு. படலம் ஏற்றிய தகட்டை ஓவனில் வைத்துப் பக்குவப்படுத்தும்போது உள்ளே நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓவன் அணைந்த பிறகும், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறுகிற வரைக்கும் ஓட வேண்டும். நடுவில் நின்றால் காற்று புகும். சூட்டோடு சூடாக ஆக்சிஜன் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வெள்ளீயம் தன் பங்குக்குக் கொண்டுவந்த எலக்ட்ரானைக்கூட அதிகப்படி ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆசிபா நைட்ரஜன் சிலிண்டரிடம் போனாள். ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தது. கழுத்தைத் திருகித் திறந்ததும் கேஜில் முள் சனிக்கிழமை மதியம் அவள் விட்டுப் போன இடத்திலேயே, ஒரு மயிரிழை கீழே, நின்றது. இரவெல்லாம் ஓடியிருந்தால் பாதிக்கு வந்திருக்க வேண்டும்.

"டேனியல், நேத்து நீதான மூடின?"

"பூசை முடிஞ்சு வந்தேன் மேடம். மூடித்தான் இருந்துச்சு. நீங்களே மூடிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு தடவ திருகிப் பாத்தேன், டைட்டா இருந்துச்சு. ஓவனும் ஆறியிருந்துச்சு. போய்ட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"வூட்ல பொண்ணு பாக்க வராங்க, ரெண்டு நாளும் கூட்டமா இருக்கும்னு சொன்னீங்களே மேடம்."

உண்மைதான். சனிக்கிழமை சாயந்திரம், கணவர் ஹசனின் தங்கை ஃபர்ஹீனைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்காகத்தான் ஆசிபா ஓவனைத் தானே அணைகிற மாதிரி ஏற்றி, நைட்ரஜனைத் திறந்து, ரெகுலேட்டரை அளவாகத் திருகி வைத்துவிட்டு மதியமே கிளம்பினாள். அதற்குப் பின் டேனியலும் போய்விட்டான். கடைசியாகக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிறவள் ரோஸி மேரி.

ரெகுலேட்டரின் திருகு அவள் வைத்த அளவிலேயே இருந்தது. டேனியல் மூடினால் அதையும் தளர்த்திவிடுவான், அது அவன் பழக்கம். இது மேலே கழுத்தில் மட்டும் மூடியிருந்தது. வீட்டு கேஸை மூடுகிற மாதிரி. அதுவும் சாதாரணமாக இல்லை. ஆசிபா திறந்தபோது இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

அவள் கண் தண்ணீர்ச் சத்தம் வருகிற சுவர்ப் பக்கம் போனது.

ரோஸி மேரி எதையும் திறந்து வைக்க மாட்டாள். வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அதே கிராமத்தில் வாக்கப்பட்டவள். நடவுக்குப் போயிருக்கிறாள், பாட்டில் கம்பெனியில் வருஷக்கணக்காகக் காலி பாட்டில் கழுவியிருக்கிறாள். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. மூடுகிற பழக்கம் வேறு இடத்தில் வந்தது. அவள் தங்கை அன்னாளை நெட்டப்பாக்கத்தில் கொடுத்திருந்தார்கள். ஒரு விடியலில் அன்னாள் அடுப்படிக்குள் போய் லைட்டரை அடிக்க, இரவெல்லாம் கசிந்திருந்த கேஸ் பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தாள். கைகள் ஆறின. விரல்கள் மட்டும் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை, தலை வாரிவிடவும் ஆள் வேண்டும். அதிலிருந்து ரோஸி மேரிக்கு, யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சிலிண்டர் பக்கம்தான் கண் போகும். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு அதன் கழுத்தைத் திருகும். பிறகு கேட்டால், நானா, என்பாள். நிஜமாகவே ஞாபகம் இருக்காது.

போன பெருநாளுக்கு ஆசிபா வீட்டுக்கு வந்தபோது, பிரியாணி தம்மில் இருந்தது. அடுப்பு சிம்மில் எரிவதைப் பார்க்காமல், வந்தவர் போனவரோடெல்லாம் பேசிக்கொண்டே இவள் சிலிண்டரை மூடிவிட்டாள். தட்டை எடுத்துப் பார்த்தால் அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. மாமியார் சல்மா அதைச் சொல்லிச் சொல்லி வருஷம் பூரா சிரித்தார். "ரோஸி வருது, அடுப்ப ஒளிச்சு வைங்கடி" என்பார். அந்தச் சல்மாதான், மருமகள் அத்தனை தூரம் தனியாக வேலைக்குப் போக வேண்டாமென்று நின்றவரும், ரோஸி கூடப் போவதென்றால் போகட்டும் என்று சம்மதித்தவரும். தினமும் ஆசிபாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் ரோஸி மேரி வருகிறாள். இன்றும் அப்படித்தான் வந்தாள். வழியெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் இன்னா சொன்னாங்க என்று கேட்டுக்கொண்டே.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாய் இறுகுகிற கிறீச். ரோஸி மேரி கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் எழவு வூட்ல நிக்கறாப்ல நிக்கிறீங்க?"

"காத்து உள்ள போயிருச்சு அக்கா. எல்லாத் தகடும் செத்துப்போச்சு."

"அப்பனுங்கல்லாம் திரும்பி வந்துட்டானுங்களா?" சிரிக்கப் போனவள், ஆசிபாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "எப்புடிப் போச்சு?"

"சிலிண்டர் மூடியிருக்குது."

"யாரு மூடினது?"

ஆசிபா அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

அரங்கநாதன் வந்தபோது அதே கேள்வியைக் கொஞ்சம் உரக்கக் கேட்டார். மதியம் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து சுவேதா வருகிறாள், மைக்ராஸ்கோப் கம்பெனிக்காரர்களின் ஆள். தகடுகளை இங்கேயே சூடேற்றிப் பார்த்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவது தடவை கேட்கவே முடியாது.

"சனிக்கெழம யாரு கடைசி?"

"நான்தான் சார் பூட்டினது," என்றாள் ரோஸி மேரி. "எல்லாம் சுத்தமா கூட்டி, லைட்டு ஃபேனு நிறுத்தி, பூட்டி, சாவிய இவன் வூட்ல குடுத்துட்டுப் போனேன்."

"ஞாயித்துக்கெழம வந்தவன் யாரு?"

டேனியல் சொன்னதையே சொன்னான். மூடித்தான் இருந்துச்சு சார்.

"தானா மூடிக்கிச்சா? டேய், நீ ஞாயித்துக்கெழம எங்கியோ ஊர் சுத்தப் போறதுக்காக சனிக்கெழம சாயந்திரமே வந்து மூடிட்டுப் போயிருக்க. சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு."

"இல்ல சார். மாதா சத்தியமா."

"மாதாவ இதுல இழுக்காத," என்றார் அரங்கநாதன்.

ரோஸி மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். டேனியல் அவளுக்குத் தூரத்து அண்ணன் மகன். அவள் சொல்லித்தான் அவனை வேலைக்குச் சேர்த்தார்கள். "இன்னாடா இப்புடி பண்ணி வச்சிருக்க. ஒன்ன நம்பித்தான நான் சாவிய குடுத்தேன். ஒங்கப்பன் மொகத்துல நான் எப்புடிடா முழிப்பேன்?"

"அத்த, நான் மூடலன்னு சொல்றேன்ல."

"பின்ன, பேயா வந்து மூடுச்சு?"

ஆசிபா வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் இரண்டு வார்த்தை போதும். ஆனால் அவள் கண்ணால் பார்க்கவில்லை. அவள் அங்கே இருக்கவே இல்லை, பெண் பார்க்கிற வீட்டில் சமோசா தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு பெட்டித் தகட்டைக் கீழே போட்ட பெண்ணை அரங்கநாதன் அன்றைக்கே அனுப்பிவிட்டதும் நினைவுக்கு வந்தது. ரோஸி மேரியின் புருஷன் சவரிநாதன் முதுகு பிடித்து மரமேறுவதை விட்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் உலை வைப்பது இந்தக் கண்ணாடிதான்.

"யாரு மூடினதுங்கறத அப்புறம் பாக்கலாம் சார்," என்றாள். "தகட்ட மறுபடி உயிர்ப்பிக்க ஒரு வழி இருக்குது. இப்பவே ஆரம்பிச்சாத்தான் மூணு மணிக்குள்ள ஆறும்."

கோட்டிங் மெஷினின் சேம்பருக்குள் தகடுகளை வைத்து, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளேயே சூடேற்றினால், வந்து உட்கார்ந்த ஆக்சிஜன் மறுபடி எழுந்து போகும். குறைவாகச் சூடேற்றினால் போகாது. கூடிப்போனால் எல்லாமே எழுந்து ஓடும், கண்ணாடி கறுக்கும், பிறகு குப்பைதான். ஆசிபா இதை ஒன்றிரண்டு தகடுகளில் செய்து பார்த்திருக்கிறாள். முழு லாட்டையும் ஒரே தடவையில் செய்ததில்லை.

"கறுத்துப்பூட்டா?" என்றார் அரங்கநாதன்.

"இப்ப மட்டும் இன்னா சார் வாழுது?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் யாருக்கும் கை ஓடாது.

டேனியலும் ஆசிபாவும் தகடுகளை அடுக்கினார்கள். ஒரு தகடும் இன்னொன்றோடு இடிக்கவில்லை. மூடி இறங்கியது. பம்ப் முனக ஆரம்பித்தது. உள்ளே காற்று குறைந்துகொண்டே போவதைக் காட்டுகிற எண் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கிய பிறகு ஹீட்டரைப் போட்டாள். மூடியில் பதித்திருந்த சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகத் தகடுகளின் ஓரம் தெரிந்தது. அதன் கீழே வெள்ளைப் பீங்கான் தட்டு. அந்த வெள்ளையை வைத்துத்தான் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஆசிபா கண்ணை எடுக்கவில்லை.

ரோஸி மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். டேனியலுக்கு மட்டும் வைக்கவில்லை.

சூடு வேண்டிய இடத்துக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கரண்டு போய்விட்டது.

ஏசி நின்றது, விளக்கு நின்றது, பம்பின் முனகல் இழுத்துக்கொண்டே போய் நின்றது. அந்த நிசப்தத்தில் வயலில் யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. பம்ப் நின்றால் அதன் வழியாகவே காற்று திரும்ப மேலே ஏறும். உள்ளே தகடுகள் இத்தனை சூட்டில் இருக்கும்போது ஒரு மூச்சுக் காற்று புகுந்தாலும் போதும். ஆசிபா எழுந்திருப்பதற்குள் டேனியல் மெஷினுக்குப் பின்னால் தரையில் சறுக்கி விழுந்து, பம்புக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கிற வால்வைத் திருகி மூடியிருந்தான். மூடியவன் எழுந்து வெளியே ஓடினான். ஜெனரேட்டர் இருமி, நின்று, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது.

விளக்கு வந்ததும் ஆசிபா எண்ணைப் பார்த்தாள். கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான்.

டேனியல் முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றான். அரங்கநாதன் அந்த முழங்கையைப் பார்த்தார். பம்ப் ஒரு நிலைக்கு வந்த பிறகு அவனே வால்வை மெதுவாகத் திறந்தான். எண் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

பீங்கான் தட்டின் வெள்ளைக்கு மேலே முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆசிபா சன்னலில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் ரோஸி மேரியை நினைக்கவில்லை. டேனியலையும் நினைக்கவில்லை. எங்கோ உள்ளே, வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், ஒருத்தன் எழுந்து வெளியே போக வேண்டும். இன்னொருத்தன். அளவாக. பிறகு அந்த மங்கல் மஞ்சள், இருக்கிறதா இல்லையா என்று கண்ணே சந்தேகப்படுகிற மாதிரி, தகட்டின் ஓரத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போமா என்று ஒரு ஆசை வந்தது. ஹீட்டரை அணைத்தாள்.

ஆறுகிற வரைக்கும் யாரும் சாப்பிடவில்லை.

திறந்து முதல் தகட்டை ஊசிகளுக்குக் கீழே வைத்தபோது எண் துள்ளி, தயங்கி, பன்னிரண்டில் நின்றது. அடுத்தது பதினொன்று. ஓரத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகடு மட்டும் கடுங்காப்பி நிறத்துக்குப் போயிருந்தது. அதைத் தனியாக வைத்தாள்.

சுவேதா வந்தாள். ஆளுக்கு முன்னால் அவள் லேப்டாப் பை உள்ளே வந்தது. தகடுகளில் வயர் கிளிப்பை மாட்டிச் சூடேற்றிப் பார்த்தாள், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "போன லாட்ட விட லைட்டா டார்க்கா இருக்கே," என்றாள்.

"மஞ்சள் கொஞ்சம் இருந்தாத்தான் கரண்டு நல்லா போகும் மேடம்," என்றாள் ஆசிபா. "ரொம்பத் தெளிவா இருந்தாத்தான் நீங்க சந்தேகப்படணும்."

சுவேதா சிரித்து, பெட்டியில் அடுக்கச் சொன்னாள். கார் மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் ஏறும்வரை அரங்கநாதன் வாசலில் நின்றார். திரும்பி வந்து ஆசிபாவைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நல்ல வேல பண்ணம்மா. சாயந்திரம் அந்தப் பையன் போகும்போது அவங்கிட்ட இருக்கற சாவிய வாங்கி வச்சுக்க. நாளையிலேந்து அவன் வர வேணாம்."

"சார், கரண்டு போனப்ப அவன் இல்லன்னா இன்னிக்கு ஒண்ணுமே இல்ல."

"பாத்தேன். வேலக்காரன்தான். ஆனா பொய் சொல்றான். தப்பு பண்ணேன் சார்னு சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டிருப்பேன். மூஞ்சிக்கு நேரா மாதா மேல சத்தியம் பண்றான்."

"அவன் பொய் சொல்லல சார்."

அரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப ஒனக்குத் தெரியும். யாரு?"

ஆசிபா மேஜையின் மேலிருந்த பேனா டப்பாவைப் பார்த்தாள்.

"நீ சொல்ல மாட்ட. சரி. நான் அஞ்சு மணிக்குக் கெளம்புவேன். அதுக்குள்ள யாராச்சும் வந்து சொன்னா பாக்கறேன். இல்லன்னா சாவிய வாங்கிடு."

கழுவுகிற அறையில் ரோஸி மேரி நாளைக்கு வேண்டிய புதுக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. காலையிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவள், ஆசிபாவைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "அவன சும்மா வுடக் கூடாதும்மா. ஒறவாவது ஒண்ணாவது. ஞாயித்துக்கெழம எங்கியோ கிரிக்கெட்டு. அதுக்காக இப்புடியா. நம்ம பொழப்புல மண்ணப் போடப் பாத்தான். சார் இன்னா சொன்னாரு?"

"நாளையிலேந்து அவன் வர வேணாமாம்."

தகட்டைச் சாய்த்துப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. திட்டியதெல்லாம் திட்டுத்தான், வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அய்யய்ய. ஒரேயடியாவா? கால்ல கைல வுழுந்து கேட்டாக்கூடவா?"

ஆசிபா கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"அக்கா. சனிக்கெழம சாயந்திரம் கூட்டினீங்கல்ல. ஓவன்கிட்ட."

"ஆமா."

"சிலிண்டருக்குக் கீழ கூட்டினீங்களா?"

"கூட்டாம வுடுவேனா? அங்கதான் குப்ப சேருது." சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தாள். எடுத்தவள் அதைத் தண்ணீரில் முக்கவில்லை.

"கழுத்துல மட்டும் மூடியிருந்துச்சு அக்கா. கீழ திருகு நான் வச்ச மாதிரியே இருந்துச்சு. தொறக்கறதுக்கு எனக்கு ரெண்டு கை வேணுமாயிருந்துச்சு."

ரோஸி மேரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி நிரம்பி விளிம்பில் வழிய ஆரம்பித்தது. அவள் வலது கை, ஈரத்தோடு, வயிற்றுக்கு நேரே வந்து நின்றது. விரல்கள் எதையோ பிடித்துத் திருகுகிற மாதிரி ஒருமுறை மடங்கின. கைக்கு ஞாபகம் இருந்தது.

"அது சமையல் கேஸ் இல்லம்மா," என்றாள், யாரோ கேட்ட மாதிரி. "எனக்குத் தெரியும் அது எரியாதுன்னு. நீதான் சொல்லியிருக்க."

"தெரியும் அக்கா."

"ஓவன் சத்தம் நின்னுருச்சு. ஆஃப் ஆயிருச்சுன்னுதான்..." சத்தம் நின்றது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு அடுத்ததும் வந்துகொண்டிருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் சார்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றாள் ஆசிபா. "நான் பாக்கல, அதனால நான் சொல்ல மாட்டேன். ஆனா அவன் சாவிய நான் வாங்க மாட்டேன் அக்கா. என்னால முடியாது. அஞ்சு மணி வரிக்கும் சார் இருப்பாரு."

ரோஸி மேரி கையில் இருந்த தகட்டை ஓரத்தில் பிடித்து ஜன்னலுக்கு நேரே சாய்த்தாள். அதில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அதைத் தெரிந்தே சுத்தமான தகடுகளோடு வைத்தாளோ தெரியாமல் வைத்தாளோ, வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"வீட்ல சவரிநாதன் அண்ணன்கிட்ட நான் பேசறேன். மாமியும் பேசுவாங்க," என்றாள் ஆசிபா. பேசி என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை. "போய் சொல்றீங்களா அக்கா?"

ரோஸி மேரி ஆசிபாவுக்கு எதிரே வந்து நின்றாள். கதவை விட்டு நகரச் சொல்லவில்லை, நின்றாள், அவ்வளவுதான். ஆசிபா நகர்ந்தாள்.

வெளியே இடதுபக்கம் முதலாளி ரூம், வலதுபக்கம் கேட். ஆசிபா அவளை எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் தொட்டி வழிந்து தரையெல்லாம் தண்ணீர் பரவி, அவள் செருப்பை நனைத்தது. ரோஸி மேரி குழாயை மூடாமலே போயிருந்தாள்.